லோரி வாடகையும் சாம்பிராணியும்

லோரி வாடகை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் மகள் ஈப்போவிலிருந்து ஓர் அலமாரி வாங்கி அனுப்பினாள். "லோரிக்காரன் அநியாயமாக் கேக்கறாம்மா, வேற ஆள் பாக்கட்டுமா?" என்று போனில் இழுத்தாள். "கேட்டதக் குடுத்துத் தொலை, மிச்சம் பிடிக்கிறேன்னு கெளம்பாத!" என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளில் நாங்கள் மலையில், ரிங்லெட் என்கிற சின்ன ஊருக்கு மேலே, ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். பேர் பெற்ற பெரிய தோட்டமெல்லாம் இல்லை. கோலாலம்பூரில் இருந்த ஒரு முதலாளிக்குச் சொந்தமானது. நிர்வாகம் பார்க்க ஒரு துரை, ஒரு ஃபேக்டரி, நாங்கள் குடியிருக்க இரண்டு வரிசை லயம், ஒரு மாரியம்மன் கோயில், அவ்வளவுதான். எனக்கு ஃபேக்டரியில் தூளில் கிடக்கும் காம்பு பொறுக்கும் வேலை. என் வீட்டுக்காரருக்கு அதே ஃபேக்டரியில் ஸ்டோர். காய்ந்து வரும் தூளைப் பெட்டியில் அடைத்து, எடை போட்டு, லோரி ஏற்றிக் கோலாலம்பூருக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அங்கே பாக்கெட் போட்டு விற்கும் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளும்.

அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. நாலு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர். குடியுரிமைக்கு எழுதிப் போட்டார், மறுபடியும் எழுதிப் போட்டார், பதிலே வரவில்லை. நான் இங்கேயே பிறந்தவள், என்னுடையது நீலக் கார்டு. அந்தக் காலத்தில் சிவப்புக் கார்டுக்காரர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். எந்த இடத்தில், என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும். அந்த வேலை போனால் பெர்மிட்டும் போச்சு. பெர்மிட் போனால் இந்தியாவுக்குக் கப்பல்தான். எங்கள் லயத்திலேயே சில குடும்பங்கள் அப்படித் தட்டுமுட்டுச் சாமானை விற்றுவிட்டுக் கிளம்பிப் போயிருந்தன. ஆக, அந்த ஃபேக்டரி ஓடுகிற வரைக்கும்தான் என் புருஷன் எனக்கு. இதைவிட வெட்டவெளிச்சமாக எப்படிச் சொல்ல?

அப்படி இருக்கும்போதுதான் முதலாளி ஒரு நாள் காரில் ஏறி வந்தார். ஃபேக்டரிக்குள் துரையோடு நடந்துகொண்டே பேசினார். நாங்கள் பத்துப் பெண்கள் தட்டில் காம்பு பொறுக்கிக்கொண்டிருக்கிறோம், எங்களுக்குக் காது இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"தூள்ல வர்ற லாபத்த லோரிக்காரனில்ல குடிச்சிட்டுப் போறான்?" என்றார். "மூணு மாசம் பாப்பேன். லோரிச் செலவு பாதியாக் கொறையணும். இல்லாட்டி ஃபேக்டரிய மூடிட்டு, பச்சக் கொழுந்த அப்படியே பக்கத்துத் தோட்டத்துக்கு வித்துருவேன்."

துரை நல்ல மனுஷன். ஆனால் முதலாளி முன்னால் வாய் திறக்கமாட்டார். "பாக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னார். என் கையிலிருந்த காம்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளி, "பொறுக்குடி, பாக்கறாரு" என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பெட்ரோமாக்ஸுக்குக் காற்று அடித்தார். அவருக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது செய்யும். நான் அப்படி இல்லை, எனக்கு வாய்தான்.

"என்னங்க, பேசாம நிக்கிறீங்க? செலவக் கொறைக்க வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஏன் இல்லாம?" என்றார். "கீழ தாப்பாவுலேருந்து லோரி காலியா மேல ஏறி வருது. நம்ம பெட்டிய ஏத்திக்கிட்டு எறங்குது. ஏறுறப்ப எரியுற எண்ணெய்க்கும் நாமதான் குடுக்கறோம், எறங்குறப்ப எரியுற எண்ணெய்க்கும் நாமதான் குடுக்கறோம். அதுல பெட்டி வேற. பலகையும் ஆணியும் ஈயத்தாளும் எம்புட்டு கனம்? தூளுக்கு வாடகை குடுக்கறமோ இல்லையோ, பலகைக்குக் குடுக்கறோம்."

இவ்வளவும் தெரிந்துகொண்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். கேட்டால், "யாரும் கேக்கலையே" என்பார்.

முதலில் துரையும் இவரும் தாப்பாவில் லோரிக்குச் சொந்தக்காரனான சீனத் தவுக்கேயிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். அவன் சிரித்தான். மலையில் நூற்றுக்கணக்கில் வளைவு, டயர் தேய்ந்தால் நீயா வாங்கித் தருவாய் என்று மலாயில் கேட்டான். பிறகு வாரா வாரம் பாதி லோரி அனுப்புவதை நிறுத்தி, சேர்த்து வைத்து முழு லோரியாக அனுப்பினார்கள். கொஞ்சம் குறைந்தது, பாதி எங்கே வந்தது? முதல் மாதம் அதிலேயே ஓடிப்போனது.

இரண்டாவது மாதம் பெட்டியை விட்டுவிட்டுச் சாக்குக்கு மாறினார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பை, மேலே சணல் சாக்கு. வெறும் தூளின் கனம்தான். பெட்டி அடைத்த இடத்தில் ஒன்றரைப் பங்கு தூள் ஏறியது. என் வீட்டுக்காரர் சாக்கு வாயை அவரே கையால் கட்டினார். யாரையும் கட்டவிடமாட்டார். பாக்கெட் கம்பெனியும் சாக்கில் வந்ததை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அன்றைக்கு அவர் ரிங்லெட்டுக்கு இறங்கிப் போய்ப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி வந்தார். சம்பள நாள்கூட இல்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் இன்னும் பாதிக்குக் குறையவில்லை. மூன்றாவது மாதம் தொடங்கிவிட்டது. பெர்மிட் புதுப்பிக்க வேண்டிய நாளும் அந்த மாதக் கடைசியில்தான் வந்தது, அதற்கு ஃபேக்டரி துரையின் கையெழுத்து வேண்டும். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட வரவில்லை, லோரி, லோரி என்றுதான் உள்ளே ஓடியது.

ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கத்து ஆள், குரலை உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. எங்கள் தோட்டமே அவர் கடையில்தான் அரிசி பருப்பு வாங்கும். அவருக்குச் சொந்தமாக ஒரு லோரி இருந்தது. கோலாலம்பூரிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு வரும், திரும்பக் கோலாலம்பூருக்கு வெறும் வண்டியாகப் போகும். என் வீட்டுக்காரர் அதைத்தான் பிடித்தார்.

"பாய், எறங்குறப்ப சும்மாதான போவுது? எங்க சாக்க ஏத்திக்கிட்டா என்னா லா?"

பாய் தராசைக் கீழே வைத்தார். "எண்ணெய்க் காசும் டிரைவருக்குச் சோத்துக் காசும் குடுங்க தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த முதலாளி ஃபேக்டரிய மூடிட்டா எங் கடையில யாரு அரிசி வாங்குவா?" என்றார்.

லோரிச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது! துரை என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார். அந்த ஃபேக்டரியில் எந்தத் துரையும் யார் தோளிலும் தட்டி நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தொல்லை. அந்த லோரி அரிசி பருப்போடு கருவாடும் ஏற்றி வருகிற லோரி. தேயிலைத் தூள் பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும். இது எங்களுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். காம்பு பொறுக்கும் இடத்துக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டு போனால் கங்காணி வாசலிலேயே பிடுங்கிப் போடுவார். அதனால் ஆம்பளைகள் லோரிப் பலகையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள். சுடுதண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். இரண்டு நாள் காயப் போட்டார்கள். காய்வதற்கு இங்கே வெயில் எங்கே இருக்கிறது? மஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. ஈரப்பலகையில் மூக்கை வைத்தால் கருவாடு லேசாக, மிக லேசாக, இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

ஏற்றுகிற நாள் வந்தது. எங்கள் தோட்டத்தில் எந்தப் புது வண்டி வந்தாலும், முதல் லோடு ஏற்றுமுன் பூசை போடாமல் அனுப்பமாட்டார்கள். கொழுந்து ஏற்றும் தள்ளுவண்டிக்குக்கூடப் போட்டிருக்கிறார்கள். இந்த லோரிக்கு எப்படிப் போடாமல் இருப்பது? எங்கள் உயிரே அதில்தான் போகிறது. பூசாரி தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் கொண்டுவந்தார். லோரிக்கு உள்ளே மூக்கை நீட்டிவிட்டு, "கவிச்சி அடிக்குதே, சாம்பிராணி போட்டா போயிரும்" என்றார்.

பாயும் நின்றுகொண்டிருந்தார். "அதுக்கென்ன, எங்க தர்காவுலயும் போடுறதுதான?" என்று சொல்லிவிட்டு, கடைப்பையனை அனுப்பாமல் தானே கீழே போய் நல்ல சாம்பிராணியாகப் பார்த்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பெண்கள் தணல் எடுத்துவந்தோம். தூபக்காலை லோரியின் மூலை மூலைக்குக் காட்டினார்கள். புகை என்றால் புகை, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியவில்லை. ஆளுக்காள் மோந்து பார்த்தோம். துரையும் ஏறி மோந்து பார்த்தார்.

"ஆகா, இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்றார்கள் எல்லோரும்.

அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. சாக்கு நனையக்கூடாதே என்று என் வீட்டுக்காரர் பதறினார். மளமளவென்று ஏற்றினார்கள். புகை இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போதே தார்ப்பாயை இழுத்து, நாலு பக்கமும் காற்று நுழையாமல் இறுக்கிக் கட்டினார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. லோரி இறங்கியது. நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் இதுதான். அங்கே முப்பது பேர் நின்றோம். அத்தனை பேரும் தேயிலையோடு பிறந்து வளர்ந்தவர்கள். மல்லிகைப்பூ வாசம், வெங்காய வாசம், எண்ணெய் வாசம் எல்லாம் ஆகாது என்று தெரிந்த ஜென்மங்கள். சாம்பிராணியும் ஒரு வாசம் என்று ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்காவது, மண்டையில் உதித்ததா? உதிக்காது. எங்களுக்கு அது சாமி. சாமியை யார் வாசனைக் கணக்கில் சேர்ப்பார்கள்? பழைய மாதிரி ஈயத்தாள் போட்ட பெட்டியாக இருந்திருந்தாலாவது தப்பியிருக்கும். செலவைக் குறைக்கச் சாக்குக்கு மாறினோம், செலவைக் குறைக்கக் கருவாட்டு லோரி பிடித்தோம், இரண்டும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தது.

மறுநாள் பகல் துரையின் ஆபீசுக்குப் போன் வந்தது. பாக்கெட் கம்பெனியில் தூளை ருசி பார்க்கிற ஆள் வெந்நீர் ஊற்றி ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தானாம். "இது டீயா, கோயிலா?" என்று கேட்டானாம். முழு லோரியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாயின் சாமானுக்கு இடமில்லாமல் எங்கள் சாக்கே ஏறி வந்தது. பாய் அந்தப் பயணத்துக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். துரை வற்புறுத்திக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு பிடி தூளைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். "போட்டுப் பாரு" என்றார். போட்டேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகும்போதே வெள்ளிக்கிழமை வாசம். குடித்தால் தொண்டை வரைக்கும் அதே வாசம். பால் ஊற்றினேன், சர்க்கரை அள்ளிப் போட்டேன், இஞ்சி தட்டிப் போட்டேன். போகவில்லை. அவர் கோப்பை முழுவதையும் குடித்துவிட்டு, "மோசமில்ல, என்னா?" என்றார். எனக்கு வந்ததே அழுகை. கோப்பையைப் பிடுங்கி வாசலில் வீசினேன். பிள்ளைகள் பயந்துபோய்ச் சுவரோரம் நின்றுவிட்டன.

அதற்கப்புறமும் சும்மா இருக்கவில்லை. சாக்கெல்லாம் அவிழ்த்துத் தட்டில் பரப்பினோம். மறுபடி உலர்த்தும் மெஷினில் போட்டு எடுத்தால் வாசம் பறந்துவிடும் என்று துரை சொன்னார். கூலி கேட்காமல் எல்லாப் பெண்களும் வந்தார்கள். போட்டோம், எடுத்தோம், மோந்தோம். குறைந்த மாதிரி இருந்தது. மோந்து மோந்து எங்கள் மூக்குத்தான் மரத்துப்போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியிலிருந்து தபால்காரன் வந்தான், வாசலில் நின்று, "என்னக்கா, உள்ள பூசையா?" என்று கேட்டான். துரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது போதாதென்று, மெஷினுக்குள்ளும் அந்த வாசம் ஏறி, மறுநாள் காய்ந்து வந்த புதுத் தூளிலும் அடித்தது. மெஷினைக் கழற்றிக் கழுவி ஓட்ட ஒரு வாரம் பிடித்தது. பச்சைக் கொழுந்து குவிந்து, சூடேறிக் கறுத்துப்போனது.

முதலாளி இந்தத் தடவை காரில் ஏறி வரவில்லை. போனிலேயே முடித்துவிட்டார். ஃபேக்டரி மூடியாயிற்று. கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரனே அவன் வண்டியில் வந்து அள்ளிக்கொண்டு போவான். எங்களுக்கு லோரிச் செலவே கிடையாது. பாதியாகக் குறை என்றார், முழுதாகவே ஒழிந்தது. சந்தோஷமாக இருந்திருப்பார்.

எனக்கு மலையில் கொழுந்து கிள்ளும் வேலை கொடுத்தார்கள். லயத்து வீடும் என் பேரில் நின்றது. அவருக்கும் களை வெட்டும் வேலை தருவதாகத் துரை ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பெர்மிட் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் தமிழர்தான், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"அக்கா, இவருக்குக் குடுத்தது ஃபேக்டரி ஸ்டோர் வேலைக்கு. அந்த வேலை இப்ப இல்ல. களை வெட்டுறதுக்கு நீலக் கார்டு ஆளுங்களே வரிசையில நிக்கிறாங்க. நான் எழுதி அனுப்பறேன். ஆனா மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

"ஒத்துக்க வைங்க தம்பி! உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். காலில்கூட விழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான், "சும்மா இரு, அவரு என்னா செய்வாரு" என்று என் கையை எடுத்துவிட்டார். அந்த அதிகாரி எழுதித்தான் அனுப்பினார். மேலே ஒத்துக்கொள்ளவில்லை. பாயும் தன் கடையில் ஆள் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் அதே பதில்தான்.

நானும் வருகிறேன் என்றேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாகக் கப்பல் ஏறுவோம் என்றேன். அவர் கேட்கவில்லை. "அங்க யாரு இருக்கா நமக்கு? வீடிருக்கா, வாசலிருக்கா? நாலு பேரா போயி நாலு பேரா பட்டினி கெடக்கணுமா? புள்ளைங்களுக்கு இங்க பொறந்த பத்திரம் இருக்கு. நீ இந்த வீட்ட விட்றாத. நான் மொதல்ல போயிப் பாக்கறேன்." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், சோறு ஆக்காமல் இருந்தேன். எதுவும் நடக்கவில்லை.

தாப்பா ரோடு ஸ்டேஷனிலிருந்து பினாங்குக்கு ரயில், பினாங்கிலிருந்து கப்பல். பெரியவன் அப்பாவின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். சின்னவள் என் இடுப்பில் தூங்கிவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுங்க, மழையில நனையாதீங்க என்று என்னத்தையோ உளறினேன். அவர் தலையை ஆட்டினார். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து, பெரியவனைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டு, என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"நாகப்பட்டினத்துல எறங்குனா, எந்தப் பக்கம் போவணும்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த மலையில் பிறந்தவள்.

"யாருகிட்டயாவது கேட்டுக்குங்க" என்றேன்.